வீட்டுக்குப் பின்னாடி காய்கறியும் கோழியும்: எதை முதல்ல ஆரம்பிக்கணும், எதைத் தள்ளிப் போடணும்

பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு, காய்கறியும் போடணும், நாலு கோழியும் வளக்கணும்னு ஆசைப்படறவங்க நெறைய பேர் ரெண்டையும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சுடறாங்க. விதை முளைச்சு ரெண்டு இலை விடற சமயத்துல கோழி உள்ள பூந்து மொத்த பாத்தியையும் கிளறித் தள்ளிடும், அப்புறம் கோழி மேல கோவம், இல்லேன்னா தோட்டமே வேணாம்னு ஒரு வெறுப்பு. கோழிய குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, கிளறுறதுதான் அதோட வேலையே. அந்த வேலைய எந்த இடத்துல எப்போ செய்ய விடறோம்ங்கிறதுதான் நம்ம கையில இருக்கு. சுருக்கமா சொன்னா, கோழியும் செடியும் ஒரே மண்ணுல இருக்கலாம், ஒரே நேரத்துல இருக்கக் கூடாது.

அதனால வரிசை இப்படி வச்சுக்கோங்க. மண்ணு, பாத்தி, வேலி, கூண்டு, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கோழி. ஒரு சீசன் வெறும் தோட்டம் மட்டும் பண்ணிட்டு அடுத்த சீசன்ல கோழி வாங்கினா இன்னும் நல்லது, ஏன்னா அதுக்குள்ள வெயில் எங்க விழுது, மழைத் தண்ணி எங்க தேங்குது, தினமும் காலைல வெளிய வந்து வேலை பாக்கற பழக்கம் நமக்கு இருக்கா இல்லையான்னு எல்லாம் தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, செலவு பண்றதுக்கு முன்னாடி உங்க உள்ளாட்சி விதி என்னன்னு கேட்டுடுங்க. நெறைய ஊர்ல இத்தனை கோழிதான் வச்சுக்கலாம், பக்கத்து வீட்டு எல்லையில இருந்து இத்தனை அடி தள்ளிதான் கூண்டு இருக்கணும், சேவல் கூடவே கூடாதுன்னு கணக்கு வச்சிருப்பாங்க. சேவல் இல்லேன்னா முட்டை வராதேன்னு கவலைப்படாதீங்க. பொட்டைக்கோழி சேவல் இல்லாமலே முட்டை போடும், அதுல குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

மண்ணும் பாத்தியும்

காய்க்கற செடிக்கு, அதாவது தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரி, பூசணி இதுக்கெல்லாம் ஒரு நாளைக்கு 6ல இருந்து 8 மணி நேரம் நேரடி வெயில் வேணும். கீரை வகை 3, 4 மணி நேர வெயில்லயும் சமாளிச்சுக்கும். அதனால நல்ல வெயில் விழற இடம் பாத்திக்கு, மதியத்துக்கு மேல நிழல் வர்ற, தண்ணி தேங்காத மேடான இடம் கூண்டுக்கு. கூண்டை பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க, எவ்வளவு சுத்தமா வச்சாலும் மழைக்காலத்துல கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும்.

பழைய வீடா இருந்தா மண்ணை ஒரு லேப்ல குடுத்து ஈயம் இருக்கான்னு பாத்துடுங்க. அந்தக் காலத்து பெயிண்ட்ல ஈயம் கலந்திருக்கும், அது உதிர்ந்து சுவரை ஒட்டின மண்ணுல அப்படியே கெடக்கும், போக்குவரத்து அதிகமான ரோட்டை ஒட்டின மண்ணுலயும் இருக்க வாய்ப்பு உண்டு. கோழி கொத்தும்போது மண்ணையும் சேத்துதான் முழுங்குது, அந்த ஈயம் முட்டைக்கு வந்துடும். அதிகமா இருந்தா சுவரை ஒட்டி கோழிய விடாதீங்க, பாத்திய உயர்த்திக் கட்டி வெளிய இருந்து நல்ல மண்ணு கொண்டுவந்து நிரப்புங்க, கோழி நடமாடற இடத்துல வெறும் மண்ணு தெரியாத அளவுக்கு மரச்சீவலைக் கனமா போட்டு வைங்க.

பாத்தி அகலம் 4 அடிக்கு மேல வேணாம். ரெண்டு பக்கமும் நின்னு கைய நீட்டினா நடு வரைக்கும் எட்டணும், உள்ள கால் வைக்கவே கூடாது, மிதிச்ச மண்ணு இறுகிப் போச்சுன்னா வேரும் போகாது தண்ணியும் இறங்காது. சுவரை ஒட்டின பாத்தின்னா 2 அடி போதும். நீளம் உங்க இஷ்டம். நடைபாதை ஒன்றரை அடியாவது விடுங்க, தள்ளுவண்டி ஓட்டணும்னா இன்னும் கொஞ்சம் சேத்து. முதல் வருஷம் 4க்கு 8ல ரெண்டு பாத்தி தாராளம், அதையே ஒழுங்கா பாத்துக்கறது பெரிய வேலை. சீசனுக்கு ஒரு தடவை மேல 2 இன்ச் மக்கின உரம், செடி கொஞ்சம் வளந்ததும் சுத்தி 2, 3 இன்ச்சுக்கு காஞ்ச இலையோ வைக்கோலோ மூடாக்கு. தண்டை ஒட்டி மூடாதீங்க, அழுகிடும்.

என்ன போடறதுன்னு ரொம்ப யோசிக்க வேணாம், வீட்ல எதை வாரா வாரம் வாங்கறீங்களோ அதைப் போடுங்க. கீரை சீக்கிரம் கைக்கு வரும், அதை ஒரேடியா விதைக்காம ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா விதைங்க. பீன்ஸ் புதுசா ஆரம்பிக்கறவங்கள ஏமாத்தாது. வெள்ளரி, பூசணி, பாகல் மாதிரி கொடியெல்லாம் மேல ஏத்தி விட்டா இடம் மிச்சம். விதையோட தடிமனைப் போல ரெண்டு மூணு மடங்கு ஆழத்துல போட்டா போதும், சின்ன விதையை ஆழமா பொதைச்சுட்டு முளைக்கலையேன்னு காத்திருக்கறவங்க ஏராளம். தக்காளி, மிளகாய், கத்தரி, உருளை எல்லாம் ஒரே குடும்பம், ஒரு பாத்தியில இதுல ஏதாவது ஒண்ணு போட்டா அடுத்த தடவை அங்க பீன்ஸ், கீரைன்னு மாத்துங்க, இல்லேன்னா அதே நோய் மண்ணுல காத்துக்கிட்டு இருக்கும். தண்ணி விடறதுக்கு விரலை 2 இன்ச் உள்ள விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா விட வேணாம். தெளிச்சு தெளிச்சு மேலாப்ல நனைக்கறத விட ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை நல்லா இறங்கற மாதிரி விட்டா வேர் கீழ போகும்.

வேலி

இதுல சிக்கனம் பாக்காதீங்க. கனமான இனக் கோழின்னா 3 அடி வேலியே பெரும்பாலும் தாண்டாது, லேசான இனம் 4 அடியையும் அசால்ட்டா தாண்டும், 5, 6 அடி வேணும். வேலி உச்சியில கட்டையோ பைப்போ வைக்காதீங்க. கோழி நேரா அந்தப் பக்கம் பறக்கறத விட முதல்ல மேல ஏறி உக்காந்து, அப்புறம் அந்தப் பக்கம் குதிக்கத்தான் பாக்கும், உக்கார கெட்டியா ஒண்ணும் இல்லாம வலை மேல தளதளன்னு ஆடினா ஏறத் தயங்கும். அதையும் மீறி தாண்டற கோழிக்கு ஒரே ஒரு பக்கத்து ரெக்கையில நீள இறகுகளை மட்டும் கத்தரிச்சு விட்டா பேலன்ஸ் கெட்டுப் பறக்க முடியாது. வலிக்காது, நம்ம நகம் வெட்டற மாதிரிதான், ஆனா புதுசா முளைக்கற இறகுல ரத்தம் ஓடும், அதை வெட்டக் கூடாது. இறகு உதிர்ந்து புதுசு வந்ததும் மறுபடி வெட்டணும்.

வேலி தோட்டத்தை சுத்தியா, கோழிய சுத்தியான்னு கேட்டா, ரெண்டு பேருக்கும் நடுவுல, நடுவுல ஒரு கதவோட. அந்தக் கதவு எதுக்குன்னு கீழ உரம் பத்தி பேசும்போது வருது.

கூண்டு

ஒரு கோழிக்கு உள்ள 4 சதுர அடி, வெளிய நடமாட 10 சதுர அடி. நாலு கோழின்னா உள்ள 16, வெளிய 40. இதைக் குறைச்சா ஒண்ணை ஒண்ணு கொத்தி இறகைப் பிடுங்க ஆரம்பிக்கும், ஒரு தடவை அந்தப் பழக்கம் வந்துட்டா நிறுத்தறது ரொம்ப கஷ்டம். ராத்திரி உக்காந்து தூங்க ஒரு கட்டை வேணும், கோழிக்கு 8ல இருந்து 10 இன்ச் நீளம், ஓரம் மழுங்கினதா இருக்கணும். முட்டை போடற பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடி, மூணு நாலு கோழிக்கு ஒண்ணு போதும், எத்தனை வச்சாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் சண்டை போடும். பெட்டி எப்பவும் அந்தக் கட்டைய விடக் கீழ இருக்கணும், கோழி உயரமான இடத்துலதான் தூங்கும், பெட்டி உயரத்துல இருந்தா அங்கயே தூங்கி அங்கயே எச்சம் போட்டு முட்டையெல்லாம் அசிங்கமாயிடும்.

காத்து மேல் பக்கமா, தூங்கற கோழியோட தலைக்கு மேல போய் வரணும். குளிர்ப் பிரதேசத்துல இருக்கறவங்க குளிருதேன்னு எல்லா ஓட்டையையும் அடைச்சிடறாங்க, அது தப்பு. கோழி குளிரத் தாங்கிடும், உள்ள தேங்கற ஈரத்தையும், எச்சத்துல இருந்து கெளம்பற அமோனியா வாயுவையும் தாங்காது. குனிஞ்சு கோழி உயரத்துல மூக்கை வச்சு மோந்து பாருங்க, கண்ணு எரிஞ்சா கோழிக்கும் எரியுது, உடனே கீழ இருக்கறத மாத்துங்க. தரையில 4 இன்ச் மரச்சீவல் போட்டா ஈரத்தை இழுத்துக்கும். வெயில் ஊர்ல பிரச்சனை வேற மாதிரி, 32 டிகிரி தாண்டினா வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பிக்கும், நிழலும் குளிர்ந்த தண்ணியும் இல்லேன்னா மதியத்துலயே செத்துக் கூடப் போகலாம்.

கோழி வலைன்னு விக்கற அந்த ஆறு கோண ஓட்டை வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான், நாயோ நரியோ பல்லால இழுத்தா கிழிஞ்சிடும், எலி, பாம்புக்கெல்லாம் அது தடையே இல்ல. அரை இன்ச் சதுர ஓட்டை இருக்கற வெல்டு பண்ண கம்பி வலை வாங்குங்க. சுவருக்கு வெளிப்பக்கம் தரையோட தரையா ஒரு அடி, ஒன்றரை அடிக்கு அதே வலையை விரிச்சு மண்ணு போட்டு மூடிட்டா, தோண்ட வர்றது சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டுப்படும், விட்டுட்டு போயிடும். கதவுக்கு வெறும் கொக்கி மட்டும் போதாது, கூடவே ஒரு தாழ்ப்பாள். பொழுது சாஞ்சதும் கோழி தானா உள்ள வந்துடும், அப்புறம் கதவை மூடறது ஒரு நாள் கூடத் தவறக் கூடாத வேலை, அதுக்கு ஆள் இல்லேன்னா தானா மூடற கதவு கெடைக்குது, காசு போனாலும் வாங்கிடுங்க. கூண்டு நீங்க நின்னு நடக்கற உயரத்துல இருந்தா இன்னும் நல்லது, குனிஞ்சு குனிஞ்சு சுத்தம் பண்ண வேண்டிய கூண்டு ஒரு கட்டத்துல சுத்தம் பண்ணாத கூண்டா ஆயிடும்.

கோழி வாங்கறது, தீனி, முட்டை

ஒத்தைக் கோழி வேணாம், கூட்டமா வாழற ஜீவன், குறைஞ்சது மூணு. நாலு வாங்கினா ஒண்ணு போனாலும் மிச்சம் மூணு துணைக்கு இருக்கும். குஞ்சு வாங்கறதுல சந்தோஷம் இருக்கு, வேலையும் இருக்கு. முதல் வாரம் 35 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைச்சுக்கிட்டே, இறகு முழுசா வர்ற வரைக்கும், கிட்டத்தட்ட 6 வாரம். தெர்மாமீட்டரை விட குஞ்சைப் பாருங்க, எல்லாம் விளக்குக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சா குளிருது, விளக்கை விட்டு ஓரமா ஒதுங்கினா சூடு அதிகம். அதுல ரெண்டு சேவலா வளந்து நின்னா அதை என்ன பண்றதுன்னும் யோசிச்சுக்கோங்க. இதெல்லாம் வேணாம்னா 16, 18 வாரத்து விடைக்கோழியா வாங்கிடுங்க, அதுதான் என் சிபாரிசு, வந்து கொஞ்ச வாரத்துல முட்டை ஆரம்பிச்சிடும்.

தீனி ஒரு கோழிக்கு நாளைக்கு 110, 120 கிராம், நாலு கோழிக்கு தினம் அரைக் கிலோ கிட்ட. முட்டைக்கோழி தீவனத்துல புரதம் 16 சதவீதம் இருக்கும், சுண்ணாம்புச்சத்து 4 சதவீதம் வரைக்கும் இருக்கும். அந்தச் சுண்ணாம்பு குஞ்சோட கிட்னிய கெடுத்துடும், அதனால குஞ்சுக்கு குஞ்சுத் தீவனம்தான், முட்டை போடற வயசுலதான் மாத்தணும். கிளிஞ்சல் ஓட்டுத் தூளை தனிக் கிண்ணத்துல வைங்க, தேவைப்படறது தானா போய் கொத்திக்கும். தண்ணி கோழிக்கு கால் லிட்டர், வெயில் காலத்துல ரெண்டு மடங்கு. அரை நாள் தண்ணி இல்லேன்னா கூட முட்டை பல நாளைக்கு பாதிக்கும்.

தோட்டத்து மிச்சம், சமையல் மிச்சம் குடுக்கலாம், ஆனா மொத்தத் தீனியில பத்துல ஒரு பங்குக்குள்ள. அவகேடோ, பச்சை பிடிச்ச உருளைத் தோல், வேகாத காஞ்ச பீன்ஸ், சாக்லேட், பூசணம் பிடிச்சது, உப்பு அதிகமானது கூடவே கூடாது. தீவன மூட்டைய மூடி போட்ட தகர டிரம்ல வைங்க, ராத்திரி தீனித் தட்டை உள்ள எடுத்துடுங்க. கோழியால எலி வருதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றது பாதி நிஜம், எலி வர்றது சிந்தின தீவனத்துக்கு.

நல்ல கலப்பினக் கோழி முதல் வருஷம் 250, 300 முட்டை வரைக்கும் போடும், மத்தது அதை விடக் கம்மி, அப்புறம் வருஷா வருஷம் குறையும். ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகுது, அதனால தினம் கொஞ்சம் லேட்டா போட்டு லேட்டா போட்டு ஒரு நாள் லீவு விடும். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறைஞ்சாலோ, இறகு உதிர்த்தாலோ குறையும், சில சமயம் சுத்தமா நிக்கும், நோய்னு பயப்படாதீங்க. அடைக்கு உக்காந்துட்டா எழுந்திருக்காது, அடியில காத்து போற கம்பிக் கூண்டுல ரெண்டு மூணு நாள் விட்டா அடை தெளியும். முட்டைய தினமும் எடுங்க, தேவையில்லாம கழுவாதீங்க, ஓட்டு மேல இயற்கையா ஒரு படலம் இருக்கு, கழுவினா போயிடும். கழுவியே ஆகணும்னா முட்டைய விட சூடான தண்ணியில கழுவி ஃப்ரிட்ஜ்ல வைங்க, குளிர்ந்த தண்ணின்னா அழுக்கை உள்ள இழுத்துக்கும். கடையில வாங்கறத விட முட்டை மலிவா வரும்னு நெனைச்சு இறங்காதீங்க, கூண்டுச் செலவையும் சேத்தா பெரும்பாலும் வராது. கணக்கு நேராகறது எச்சத்துலதான்.

உரம், அப்புறம் அந்தக் கதவு

கோழி எச்சத்துல நைட்ரஜன் ரொம்ப அதிகம், பச்சையா செடிக்குப் போட்டா வேர் கருகும். அது கூட பரவால்ல, சால்மோனெல்லா மாதிரி கிருமி இருக்கும், கீரையில பட்டா நேரா நம்ம தட்டுக்கு வரும். அதனால மக்க வைக்கணும். கூண்டுல இருந்து எடுக்கற எச்சம் ஒரு பங்குன்னா காஞ்ச இலை, மரச்சீவல் ரெண்டு மூணு பங்கு, குவியல் 3 அடிக்கு 3 அடி 3 அடி உயரமாவது இருக்கணும், சின்னதா இருந்தா சூடு ஏறாது. கையில பிடிச்சு பிழிஞ்சா ரெண்டு சொட்டு தண்ணி வர்ற ஈரம் போதும். உள்ள 55 டிகிரிக்கு மேல ஏறணும், இறங்கினதும் புரட்டிப் போடணும், வெளிய இருந்தது உள்ள போற மாதிரி, இப்படி நாலஞ்சு தடவை. அப்புறம் சில மாசம் அப்படியே விட்டுடுங்க. எச்ச வாடையே இல்லாம மண்ணு வாசனை வந்தா தயார். நாத்தம் அடிச்சா ஈரம் அதிகம், காஞ்ச இலை சேருங்க. சூடே ஏறலைன்னா எச்சம் பத்தல, இல்ல காஞ்சு போச்சு.

சரி, அந்தக் கதவு. அறுவடை முடிஞ்ச பாத்தியில செடி மிச்சம், களை விதை, புழு, நத்தை எல்லாம் கெடக்கும், அப்போ கதவைத் திறந்து விடுங்க. ரெண்டு மூணு வாரத்துல கோழி அவ்வளவையும் தின்னு கிளறி உரமும் போட்டு வச்சிடும், மண்வெட்டி எடுக்க வேண்டிய வேலை பாதி மிச்சம். மண்புழுவையும் திங்கும், அதனால மாசக்கணக்கா விடாதீங்க. ஆனா நெறைய பேர் மறக்கற விஷயம், கோழிய பாத்தியில விடறதும் பச்சை எச்சத்தைப் போடறதும் ஒண்ணுதான். மண்ணுல படற கீரை, கேரட், முள்ளங்கி இதுக்கெல்லாம் கோழி வெளிய வந்த நாள்ல இருந்து அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேணும், மண்ணுல படாம மேல காய்க்கறதுக்கு 90 நாள். கோழி கிளறின பாத்தியில உடனே கீரை விதைச்சா 30 நாள்ல அறுக்க வந்துடும், அது கணக்குக்கு ஒத்து வராது. அங்க தக்காளி, பந்தல்ல ஏத்தின பூசணி மாதிரி மேல காய்க்கற, நாள் எடுக்கற பயிரா போடுங்க, நாளை எண்ணிட்டு பறிங்க. கீரைப் பாத்தி எதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி அங்க மக்கின உரம் மட்டும்.

பூச்சிய திங்கட்டும்னு செடி இருக்கும்போதே கோழிய விடலாமான்னு கேப்பாங்க. முட்டைகோஸ்ல இருக்கற புழுவையும் திங்கும், அப்படியே முட்டைகோஸையும் திங்கும். தக்காளி செவக்க ஆரம்பிச்சா நமக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிடும். வேணாம். அதுக்கு பதிலா தோட்டத்துல இருந்து கோழிக்கு கொண்டு போய் குடுங்க, முத்திப் போன கீரை, வெளி இலை, பெருத்துப்போன வெள்ளரி, களை. கோழி இடத்துலயே பச்சை வேணும்னா ஒரு மரச் சட்டம் அடிச்சு மேல வலை போட்டு அடியில புல்லோ கீரையோ விதைங்க, வலைக்கு மேல வர்ற நுனிய மட்டும் கொத்தும், வேரைக் கிளற முடியாது, மறுபடி மறுபடி தளிர்க்கும்.

நோய்

தினம் காலைல கதவு திறக்கும்போது அரை நிமிஷம் நின்னு பாருங்க. ஓடி வராத கோழி, கண்ணு மூடி இறகை சிலுப்பிக்கிட்டு ஓரமா நிக்கறது, கொண்டை வெளுத்தது, இதெல்லாம் ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். குஞ்சு எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா ரத்தக் கழிச்சலா இருக்கும், அன்னிக்கே கால்நடை டாக்டர்கிட்ட போங்க, ஒரு நாள் தள்ளினா கூட்டமே போயிடும். வெள்ளைக் கழிச்சலுக்கு தடுப்பூசி இருக்கு, உங்க பகுதியில என்ன அட்டவணைன்னு அவங்களையே கேளுங்க. திடீர்னு ஒண்ணு மேல ஒண்ணா செத்தா பறவைக்காய்ச்சலா இருக்கலாம், வெறும் கையால தொடாதீங்க, கால்நடைத் துறைக்குச் சொல்லிடுங்க. செவப்புப் பேன் பகல்ல கட்டையோட இடுக்குல ஒளிஞ்சு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், அதனால ராத்திரி டார்ச் எடுத்துட்டு போய் கட்டைக்கு அடியில வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க, செவப்பா கோடு விழுந்தா இருக்கு. காஞ்ச மண்ணும் மணலும் கொஞ்சம் மரச் சாம்பலும் கலந்து ஒரு பெட்டியில வச்சா புரண்டு புரண்டு தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும். கோழியத் தொட்டா கை கழுவணும், 5 வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்க கோழிய முத்தம் குடுக்கறதெல்லாம் வேணாம்.

கடைசியா வயசான கோழி விஷயம். ரெண்டு மூணு வருஷம் நல்லா முட்டை போடும், ஆனா அதுக்கப்புறமும் பல வருஷம் உயிரோட இருக்கும். அதை வச்சுக்கறதா, கறிக்கா, யாருக்காவது குடுக்கறதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே வீட்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணுங்க, குழந்தைங்க பேர் வச்சதுக்கப்புறம் பேச முடியாது. முட்டை நின்ன கோழி வெட்டிச் சோறுன்னு சொல்றவங்களுக்கு தோட்டம் இல்லேன்னு அர்த்தம், பாத்தி கிளறவும் எச்சம் போடவும் அதுக்கு வயசு ஒரு தடையே இல்ல. முட்டை கம்மியானா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு புதுசு சேருங்க. புதுசை முதல்ல ஒரு மாசம் தனியா தள்ளி வச்சு நோய் இல்லைன்னு பாத்துட்டு, அப்புறம் நடுவுல வலை வச்சு ஒண்ணை ஒண்ணு பாக்கற மாதிரி ஒரு வாரம் விடுங்க, அப்புறம் ராத்திரி தூங்கும்போது கட்டையில கொண்டு போய் உக்கார வச்சிடுங்க. காலைல கொஞ்சம் கொத்திக்கும், ரத்தம் வராத வரைக்கும் நடுவுல பூந்து பிரிக்காதீங்க, தீனித் தட்டு மட்டும் ரெண்டா வைங்க.